விண்டோஸ் 11-க்கு மாற்றிய நாளிலிருந்து சிஸ்டம் ஹேங்க் ஆகிறது, ஃபார்மேட் போடாமல் சரிசெய்ய வழி உண்டா?

அழைப்பிதழ்:
எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பிளக்ஸ் டிசைன் எல்லாம் எங்கள் கடையில் ஒரே சிஸ்டத்தில்தான் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே, வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் இருக்கும் மெஷின் ஆயிற்றே என்று யோசித்து 11-க்கு மாற்றினோம். மாற்றிய அன்று சாயங்காலமே தொல்லை தொடங்கிவிட்டது. வேலை செய்துகொண்டே இருக்கும்போது திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது, ஸ்டார்ட் மெனு திறக்காது, சேவ் கொடுத்தால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், சில சமயம் ஒரு நிமிடத்தில் தானாகவே சரியாகி நாம் அழுத்தியதெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், சில சமயம் திரும்பியே வராது, பவர் பட்டனைப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். அசெம்பிள் செய்த சிஸ்டம். எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், விண்டோஸ் 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில், டிசைன்கள் 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் டி டிரைவாக. சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு. பேஜ்மேக்கர், கோரல்டிரா, பாமினி எழுத்துரு, பழைய தமிழ் தட்டச்சு மென்பொருள், பிரிண்டர் டிரைவர்கள் என்று எல்லாவற்றையும் மறுபடி நிறுவ எனக்குத் தெம்பில்லை, சிலவற்றின் சிடியே இப்போது கையில் இல்லை. முகூர்த்த நேரம் வேறு. வழி சொல்லுங்கள்.

கொங்குத்தம்பி:
அண்ணா, 10-க்கு மேலேயே 11-ஐப் போட்டால் பழைய டிரைவர் மிச்சங்கள் இருந்துகொண்டு இப்படித்தான் படுத்தும். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து புதிதாகப் போடுங்கள், அரை நாள் வேலை. அதற்கு முன் வேண்டுமானால் கமாண்ட் பிராம்ட்டில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க், விண்டோஸ் ஃபைல்களைச் சோதிக்கும் சிஸ்டம் ஃபைல் செக்கர் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

நெல்லைக்காரி:
அவர் ஃபார்மேட் வேண்டாம் என்றுதானே கேட்டிருக்கிறார். நான் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். ஃபார்மேட் போட்டுச் சரியாகிவிட்டால் என்ன காரணம் என்று கடைசிவரை தெரியாது, சரியாகவில்லை என்றால் அந்த அரை நாளும் போய், போட்டிருந்த மென்பொருள்களும் போயிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் அமைப்பை யாராவது மாற்றினால் அந்தப் பூட்டைத் திறக்க 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினோம் என்றே பலருக்கு நினைவிருக்காது. டிசைன் ஃபைல்களை வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு ஃபார்மேட் போடு என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய மதர்போர்டு:
நண்பரே, முதலில் டி டிரைவில் இருப்பதை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். இன்றே, வேறு எதையும் தொடுவதற்கு முன்பே. சி டிரைவில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸில் ஏதாவது இருந்தால் அதையும். செக் டிஸ்க் இப்போது வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஹேங்க் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர அதற்குள் நாலைந்து வேறு வேறு நோய்கள் இருக்கின்றன, அடுத்த தடவை நிற்கும்போது பதறாமல் கவனித்து எனக்குச் சொல்லுங்கள். மவுஸ் அம்பு அப்போது நகருகிறதா? கீபோர்டில் கேப்ஸ் லாக் தட்டினால் விளக்கு மாறுகிறதா? மூலையில் கடிகாரம் ஓடுகிறதா? பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நின்றுவிடுகிறதா, ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப இரைகிறதா? விளக்கும் மாறவில்லை, அம்பும் நகரவில்லை என்றால் அடிமட்டத்திலேயே எல்லாம் நின்றுவிட்டது, ராம், பவர் சப்ளை, சூடு, டிரைவர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். அம்பு நகருகிறது, எதைத் திறந்தாலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது, அந்த எதற்கோ பல நேரம் டிஸ்க்தான்.

இன்னொரு சோதனை. நிற்கும்போது விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திரை ஒரு முறை கறுத்து வரும், பீப் சத்தம் கேட்கும். உடனே உயிர் வந்தால் கிராஃபிக்ஸைச் சந்தேகிக்கலாம்.

யாழ்வாசி:
மின்சாரத்தையும் பாருங்கோ. எங்கட கடையில் ஒரு கணினி இப்படித்தான் நின்று நின்று வந்தது, கடைசியில் பவர் சப்ளை வலுவிழந்திருந்தது. விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக ஏதும் கிடக்கிறதா?

பழைய மதர்போர்டு:
யாழ்வாசி சொல்வதுபோல் பவர் சப்ளையும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் 41-ஐ மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். முந்தைய முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே அதன் அர்த்தம். இவர் பவர் பட்டனைப் பிடித்து அணைத்தாலும் 41 விழும், கரண்ட் போனாலும் விழும். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு பவர் சப்ளையை மாற்றிக் காசை விடுகிறார்கள். அந்த 41-க்கு முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கொங்குத்தம்பி:
ஆனால் அப்டேட்டே காரணமாக இருக்கக் கூடாதா என்ன? 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட் வந்தபோது, எஸ்எஸ்டியில் விண்டோஸும் வேறு டிரைவில் மென்பொருள்களும் ஃபைல்களும் வைத்திருந்த சில கணினிகள் உறைந்து நின்றன, மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு பிறகு திருத்தம் விட்டது. இவருடைய அமைப்பும் அச்சு அசல் அதேதான். 2018 ஏப்ரல் அப்டேட்டிலும் குரோம் பயன்படுத்தும்போது சில கணினிகள் நின்றன, நீங்கள் சொன்ன அந்த நான்கு விசை வழியை அப்போது மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைத்தது.

பழைய மதர்போர்டு:
தம்பி சொல்வது முழுக்க உண்மை, அதனால்தான் நான் அப்டேட் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. 2016 சிக்கலில் ஒரு அடையாளம் இருந்தது, சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் ஏற்றும் முறை) போனால் உறையாது. இதை மைக்ரோசாஃப்ட் அப்போதே எழுதியிருந்தது. அதே சோதனையை இங்கேயும் செய்வோம். அழைப்பிதழ் சார், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் 4 அழுத்துங்கள். சேஃப் மோடில் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதாது, சி டிரைவில் ஒரு பெரிய ஃபோல்டரை அங்கேயே நகல் எடுங்கள். அங்கே நிற்கவில்லை என்றால் வெளியார் டிரைவர்கள், ஆன்டிவைரஸ், உங்கள் பழைய தட்டச்சு மென்பொருள் என்று தேடலாம். அங்கேயும் நின்றால் கதை வேறு.

அழைப்பிதழ்:
டி டிரைவ் முழுவதும் வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன், எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது, அதிலேயே பாதி உயிர் வந்தது.

நீங்கள் கேட்டவை. நிற்கும்போது மவுஸ் நகருகிறது. கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது. கடிகாரம் நின்றுவிடுகிறது. பாட்டு கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் பிறகு நிற்கிறது. நான்கு விசையையும் அழுத்தினால் திரை கறுத்து வருகிறது, பீப் வருகிறது, ஆனால் ஹேங்க் விலகவில்லை. ஒரு தடவை டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன். நின்றபோது டிஸ்க் 0 என்பதில் (விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டி) ஆக்டிவ் டைம் 100% காட்டியது, ஆனால் கீழே ரீட், ரைட் இரண்டும் 0 கேபி. சேஃப் மோடிலும் நகல் எடுக்கும்போது நின்றது, கம்மியாக.

ராமைப் பற்றியும் சந்தேகம் இருந்தது, அதனால் சொல்கிறேன். முன்பு 8 ஜிபிதான் இருந்தது. 11-க்கு மாற்றும்போது சர்வீஸ் ஆளை வரச் சொல்லி இன்னொரு 8 போடச் சொன்னோம், அவரே பயாஸில் டிபிஎம் ஆன் செய்து கொடுத்தார். அதனால் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை.

விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமா? செட்டிங்ஸில் கோ பேக் பட்டன் இன்னும் இருக்கிறது.

பழைய மதர்போர்டு:
அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். 100% ஆக்டிவ், 0 கேபி, இதுதான் நாம் தேடியது. அப்டேட் முடிந்த புதிதில் டிஸ்க் 100% காட்டுவது சகஜம், இன்டெக்ஸிங், டிஃபென்டர் ஸ்கேன் எல்லாம் ஓடும், ஆனால் அப்போது ரீட், ரைட்டில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். எண் பூஜ்யமாக இருந்து ஆக்டிவ் மட்டும் நூறு என்றால், விண்டோஸ் டிஸ்க்கிடம் கேட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருக்கிறது என்று பொருள். கடிகாரம் நிற்பதும் பாட்டு கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்பதும் அதனால்தான், ராமுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது வரைக்கும் ஓடும்.

விண்டோஸ் 10-க்குத் திரும்புவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அப்படித் திரும்பும்போது பல ஜிபி ஃபைல்கள் இதே டிஸ்க்கில் இடம் மாறும், நடுவில் இப்படி நின்றால் 10-ம் இருக்காது 11-ம் இருக்காது. ஆனால் அந்தப் பட்டனுக்குப் பத்து நாள்தான் கெடு, அதன் பிறகு பழைய விண்டோஸ் ஃபோல்டர் தானாக நீங்கிவிடும். வேண்டுமானால் அந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்க டிஸ்ம் கருவியில் ஒரு கமாண்ட் உண்டு, தனிச் செய்தியில் அனுப்புகிறேன், முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

செக் டிஸ்க் வேண்டாம் என்றேன் அல்லவா, அதற்கும் காரணம் இதுதான். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் பேச்சே சரியில்லாத நேரத்தில் அதை முழு ஸ்கேனில் ஓட்டினால், படிக்க முடியாத இடங்களையெல்லாம் கெட்டது என்று குறித்து ஃபைல் அமைப்பையே திருத்தப் போகும். நல்லதாக இருந்த ஃபைலும் அதில் அடிபடலாம்.

இனி ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் போங்கள். நின்ற நேரத்துக்குப் பக்கத்தில் 129, 153, 7 என்ற எண்களில் ஏதாவது இருக்கிறதா? 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் அதை ரீசெட் செய்தோம் என்று விண்டோஸ் எழுதி வைத்தது. 153 என்றால் கேட்டதையே மறுபடி கேட்க வேண்டியிருந்தது, அதில் எந்த டிஸ்க் என்ற எண்ணும் இருக்கும். 7 என்றால் டிஸ்க்கிலேயே கெட்ட பகுதி. அப்புறம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியைப் போட்டு 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் ரா வேல்யூவை எழுதுங்கள். அது மேலே நீலத்தில் குட் என்று காட்டினால் அதோடு திருப்தி அடைந்துவிட வேண்டாம்.

நெல்லைக்காரி:
129 வந்தால் பவர் அமைப்பையும் பாருங்கள். சில சாட்டா எஸ்எஸ்டிகளுக்கு லிங்க் பவர் மேனேஜ்மென்ட் ஒத்துவராது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இணைப்பைத் தூங்க வைக்கும், எழுப்பும்போது டிஸ்க் உடனே எழாது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு நாம் முன்பு மாற்றி வைத்திருந்த பவர் அமைப்புகள் பழையபடி திரும்பியதை எங்கள் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். பவர் ஆப்ஷன்ஸில் ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்துப் பார்ப்பது எளிது. ஆனால் அது காரணமாக இருந்தால் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் நிற்கும். இவருக்கு நகல் எடுக்கும்போது, சேவ் கொடுக்கும்போது நிற்கிறது, அதனால் எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை.

அழைப்பிதழ்:
129 வரிசையாக இருக்கிறது, ஸ்டோர்ஏஹெச்சிஐ என்ற பெயரில். அதன் பக்கத்திலேயே 153, டிஸ்க் 0 என்று. 7 எங்கும் இல்லை. முதல் 129 விண்டோஸ் 11 போட்ட அதே நாளில் பதிவாகியிருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் குட் என்றுதான் இருக்கிறது. 05, சி5, சி6 மூன்றும் முழுக்கப் பூஜ்யம். சி7-இல் மட்டும் ஏ3எஃப் என்று எழுத்தோடு வருகிறது, அது என்னவென்று புரியவில்லை.

பழைய மதர்போர்டு:
அந்தக் கருவி ரா வேல்யூவைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், மெனுவில் பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏ3எஃப் என்றால் 2,623. சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தரவு போகும் வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் தோற்றுத் திரும்ப அனுப்பப்பட்ட தடவைகளின் கணக்கு. நல்ல கேபிளில் இது பூஜ்யமாகவோ என்றோ விழுந்த ஒன்றிரண்டாகவோ இருக்கும். 05, சி5, சி6 பூஜ்யமாக இருப்பதால் எஸ்எஸ்டியின் உள்ளே சிப்பு கெட்டதற்கு அடையாளம் இல்லை. ஆக, சந்தேகம் வழியின்மேல். சாட்டா கேபிள், அதன் இரண்டு முனைகள், இல்லையென்றால் மதர்போர்டின் அந்த போர்ட்.

இப்போது நீங்கள் முன்பே சொன்ன ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ராம் போட கேபினட்டைத் திறந்தார்கள். அதே நாளில் விண்டோஸ் 11-ம் போட்டார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் பழி அப்டேட் மேல் விழுந்துவிட்டது. பல மதர்போர்டுகளில் ராம் ஸ்லாட்டுக்குச் சற்றுக் கீழேதான் சாட்டா போர்ட்கள் இருக்கும், ராமை அழுத்தும்போது கை பட்டுக் கேபிள் பாதி கழன்றிருக்கலாம், மூடியைப் போடும்போது மடங்கியிருக்கலாம். அப்டேட்டுக்கும் பங்கு உண்டு, அன்றைக்கு டிஸ்க்கில் அவ்வளவு எழுதியதால் பலவீனம் உடனே வெளியே தெரிந்துவிட்டது, இல்லையென்றால் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்திருக்கும்.

கரண்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் திறங்கள். எஸ்எஸ்டி கேபிளை இரண்டு பக்கமும் பாருங்கள். பழசைத் திருப்பிச் சொருகிப் பார்ப்பதைவிடப் புதிது வாங்கிவிடுங்கள், நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும், முனையில் உலோகக் கொக்கி உள்ளதாகக் கேளுங்கள். மாற்றியபின் அந்த 2,623 குறையாது, அது ஒருநாளும் குறையாத கணக்கு, மேலே ஏறாமல் இருந்தால் போதும்.

கொங்குத்தம்பி:
கேபினட் திறந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஃபார்மேட் போட்டிருந்தால் நிறுவும்போதே நின்றிருக்கும் போல. அந்த 153 எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

யாழ்வாசி:
கேபிளை மாற்றும்போது எஸ்எஸ்டிக்குப் போகும் பவர் வயரையும் ஒருக்கால் அசைத்துப் பாருங்கோ. ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கோ, அதுவும் இதே மாதிரிக் கோளாறு காட்டும்.

அழைப்பிதழ்:
திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டி கேபிள் மதர்போர்டு பக்கத்தில் சாய்வாக நின்றது, கொக்கி இல்லாத பழைய சிவப்புக் கேபிள், நடுவில் ராமுக்குப் பக்கத்தில் கூர்மையாக மடிந்திருந்தது. ஸ்பிளிட்டர் எதுவும் இல்லை, பவர் வயரும் கெட்டியாக இருந்தது. கொக்கி உள்ள புதுக் கேபிளை வேறு போர்ட்டில் சொருகினேன். விண்டோஸ் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏறிவிட்டது.

அதன் பிறகு வேண்டுமென்றே வேலை கொடுத்தேன். பெரிய பிளக்ஸ் ஃபைலைத் திறந்து சேவ் செய்தேன், ஃபோல்டர்களை நகல் எடுத்தேன், கூடவே அப்டேட்டும் ஓடவிட்டேன். எங்கும் நிற்கவில்லை. சி7 அதே 2,623-இல் நிற்கிறது. ஈவென்ட் வியூவரில் புதிதாக 129 விழவில்லை. பாதியில் நின்றிருந்த ஒரு பத்திரிகையை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன், மாப்பிள்ளை வீட்டார் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். உங்கள் எல்லோருக்கும் மனதார நன்றி. சர்வீஸ் ஆளிடமும் கோபப்படாமல் சொன்னேன், இனி எங்கே திறந்தாலும் மூடுவதற்கு முன் கேபிள்களை அழுத்திப் பார்ப்பதாகச் சொன்னார்.

விண்டோஸ் 10-க்குத் திரும்பப் போவதில்லை. பேஜ்மேக்கர், பாமினி எல்லாம் 11-லும் இதுவரை ஒழுங்காக ஓடுகின்றன.

நெல்லைக்காரி:
மிகவும் சந்தோஷம். பவர் பட்டனைப் பிடித்துப் பல முறை அணைத்திருக்கிறீர்கள், அதனால் இப்போது இணைப்பு சரியான பிறகு செக் டிஸ்க்கைச் சாதாரண ஸ்கேனில் ஒரு முறை ஓட்டுங்கள், கூடவே சிஸ்டம் ஃபைல் செக்கரும். கொங்குத்தம்பி சொன்ன இரண்டுக்கும் இதுதான் சரியான நேரம். வெளி டிஸ்க் நகலையும் அழிக்காமல் வாரம் ஒரு முறை புதுப்பித்து வாருங்கள்.

புதுவரவு:
எனக்கும் இதே பிரச்சினை. லேப்டாப், விண்டோஸ் 11, போன அப்டேட்டுக்குப் பிறகு நிற்கிறது. மவுஸும் நகராது, கேப்ஸ் லாக் விளக்கும் மாறாது, பாட்டு ர்ர்ர் என்று இரைந்துகொண்டே இருக்கும். எனக்குக் கேபிள் எங்கே இருக்கும்?

பழைய மதர்போர்டு:
உங்களுடையது இதே பிரச்சினை இல்லை, விளக்கும் மாறாமல் சத்தம் இரைகிறது என்றால் அடிமட்டத்தில் நிற்கிறது. இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டி நேராக மதர்போர்டிலேயே சொருகப்பட்டிருக்கும், கேபிளே இருக்காது. ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், அது வன்பொருள் பிழையைச் சொல்லும். போன அப்டேட்டோடு கிராஃபிக்ஸ் டிரைவரோ பயாஸோ சேர்ந்து மாறியதா என்று அப்டேட் ஹிஸ்டரியில் தெரியும், டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் செய்யலாம். பயாஸைத் தொடுவதாக இருந்தால் நெல்லைக்காரி மேலே சொன்ன ரெகவரி கீயை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், ராம் அளவு, சூடாக இருக்கும்போது மட்டும் நிற்கிறதா என்ற விவரங்களோடு புதிய இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.